தொட்டவர்கள் கை தூக்கவும்

"கடைசி ரூம்ல இருக்கற பேஷண்டைத் தொட்டவங்க எல்லாரும் கை தூக்குங்க" என்றார் மானேஜர், மூன்றாவது முறையாக.

ஒரு கைகூட மேலே வரவில்லை.

தாழ்வாரத்தில் சுவரோரமாக நின்றிருந்த ஊழியர்கள், கரும்பலகையில் வாத்தியாரின் படத்தை வரைந்தது யார் என்று கேட்கப்பட்ட வகுப்பைப் போல நின்றார்கள். வாட்ச்மேன் முன்னெச்சரிக்கையாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். ஆயாவுக்குக் காதோரம் அரித்தது. அதற்குக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. தோளை உயர்த்தி அதில் காதைத் தேய்த்துக்கொண்டாள்.

மானேஜர் அவர்களிடமிருந்து நன்றாகத் தள்ளி, மாடிப்படியின் மூன்றாவது படியில் நின்று பேசினார். முகத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம். அதனால் அவர் அதட்டுவது, பக்கத்து வீட்டில் யாரோ அதட்டுவது போலக் கேட்டது.

விடியற்காலையில் ஒருவர் காய்ச்சலோடு நடந்து வந்து சேர்ந்திருந்தார். செய்தித்தாள்கள் ஒரு மாதமாக முதல் பக்கத்தில் போட்டுப் பயமுறுத்திக்கொண்டிருந்த அந்தக் காய்ச்சல் பரவிய ஊரிலிருந்து வந்தவர். அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதுவாக இருந்தால், அவரைத் தொட்டவர்கள் மூன்று வாரம் யாரோடும் சேராமல் தனியாக இருந்தாக வேண்டும். வெளியூர் மாநாட்டுக்குப் போயிருந்த பெரிய டாக்டர் தொலைபேசியில் இதைத்தான் சொல்லியிருந்தார்.

"சாயங்காலம் சுகாதாரத் துறை ஆளுங்க வண்டியோட வருவாங்க. ரத்தம் எடுக்கறது, கொண்டுபோறது எல்லாம் அவங்க பொறுப்பு. அதுக்குள்ள யார் யார் தொட்டாங்கன்னு பிரிச்சு வைய்யா. ஏற்கெனவே தொட்டவங்களே அவரைக் கவனிச்சுக்கட்டும். புதுசா ஒருத்தர் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. புரிந்ததும் மானேஜர் செய்த முதல் காரியம், அன்று காலையிலிருந்து தான் எங்கெங்கே போனோம் என்று யோசித்துப் பார்த்ததுதான். கடைசி அறைப் பக்கமே போகவில்லை. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார்.

அந்த நிம்மதிக்குக் காரணம் இருந்தது. அன்று மதியம் அவருடைய மகள் கைக்குழந்தையோடு ஊரிலிருந்து வருகிறாள். பேத்தியை அவர் இதுவரை கைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறார். அதிலும் பாதி நேரம் குழந்தையின் காது மட்டும்தான் தெரியும். இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். அடுத்து எப்போது வருவார்களோ தெரியாது. காய்ச்சல்காரரைத் தொட்டால் மூன்று வாரம், மகள் இருப்பது இரண்டு வாரம். இதற்குக் கணக்குப் பிள்ளை தேவையில்லை.

"சரி. ஒவ்வொருத்தரா கேக்கறேன்" என்றார். "டாக்டர், நீங்கதானே முதல்ல பாத்தது?"

இரவுப் பணி முடிந்தும் வீட்டுக்கு விடப்படாத சின்ன டாக்டர் முன்னால் வந்தார். "பாத்தேன் சார். தொடல. கவுண்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். எந்த ஊர்லேருந்து வர்றீங்கன்னு கேட்டேன். ஊர் பேரைச் சொன்னார். நேரா போய்க் கடைசி ரூம்ல படுங்கன்னு கையைக் காட்டினேன். டிரிப்ஸ் போடணும்னு தலைமை சிஸ்டர்கிட்ட சொல்லியாச்சு."

"எங்கிட்ட சொன்னாரு" என்றாள் தலைமை நர்ஸ். "நான் உடனே இந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்."

இந்தப் பொண்ணு என்பது சின்ன நர்ஸ். "விரிப்பு மாத்தாத கட்டில்ல எப்படி சார் டிரிப்ஸ் போடறது? ஆயாம்மாகிட்ட விரிப்பு மாத்தச் சொன்னேன்."

"விரிப்பு ஸ்டோர்ல இருக்கு. சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. அவர்கிட்ட சொன்னேன்" என்றாள் ஆயா.

"டாக்டர் சொன்னாத்தான் நான் ஸ்டோரைத் திறக்கலாம். நீங்க போட்ட உத்தரவுதான் சார் அது" என்றார் வாட்ச்மேன், கையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு.

பேச்சு ஒரு முழு வட்டம் அடித்து மறுபடி சின்ன டாக்டரிடமே வந்து நின்றது.

மானேஜருக்கு மண்டை காய்ந்தது. இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி நிர்வாகம் பார்த்தவர். இவர்கள் எப்போது பொய் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள் என்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்று நம்புகிறவர்.

"ஒருத்தரும் தொடல. ஒருத்தரும் கிட்டப் போகல. அப்ப அதோ, அந்த பாட்டில் தானா நடந்து போய் ஸ்டாண்டுல ஏறித் தொங்குதா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாழ்வாரத்தின் கோடியில் இருந்த கடைசி அறையின் கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் உண்டு. அதன் வழியே கட்டிலில் ஒரு போர்வைக் குவியலும், தலைமாட்டில் டிரிப்ஸ் பாட்டிலும் தெரிந்தன.

அப்போது அந்த அறையின் மணி அடித்தது. கர்ர்ர் என்று நீளமாக அடித்து நின்றது. யாரும் அசையவில்லை.

"அந்த எலக்ட்ரீஷியன் என்னதான் பண்றான்? மணியை இன்னுமா சரி பண்ணல?"

"அது அப்படித்தான் சார் கத்தும்" என்றாள் தலைமை நர்ஸ் அலுப்போடு. "போன வாரம் ரூம் காலியா கெடந்தப்பவே ராத்திரி பூரா அடிச்சுது. வயர்ல ஈரம் ஏறிடுச்சாம். எங்களுக்கெல்லாம் காது பழகிப்போச்சு."

மானேஜர் பேச்சை விட்ட இடத்தில் பிடித்தார். "மறைச்சது தெரிஞ்சா வேலை போயிடும். சொல்லிட்டேன்."

"ஒத்துக்கிட்டா எங்க சார் வைப்பீங்க?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"பின்னாடி பழைய விடுதியில."

பழைய விடுதியில் மூன்று மின்விசிறிகள் உண்டு. அவற்றில் இரண்டில் புறாக்கள் குடியிருந்தன. மூன்றாவது, போட்டால் கீழே விழும் என்று அவரே எழுதி ஒட்டியிருந்தார். ஊழியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை அரைகுறையாகத் தொங்கிய கைகளும் சட்டைப்பைக்குள் போய்ச் சேர்ந்தன.

பெரிய டாக்டருக்கு மறுபடி தொலைபேசி போனது.

"ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க சார்."

"விடுதின்னு சொன்னியா?"

"ஆமா சார்."

"உன்னை எல்லாம் மானேஜரா வச்சேன் பாரு! நாலு பேர் மறைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனா நாளைக்கு ஊரே படுத்துடும்யா. மிரட்டினா வர மாட்டாங்க, ஆசை காட்டு. அந்தப் புது டீலக்ஸ் கட்டடத்தைத் திறந்து விடு."

"சார், அதுக்கு இன்னும் திறப்பு விழாவே வைக்கல. மெத்தை மேல ஒட்டின பிளாஸ்டிக்கூடப் பிரிக்கல."

"பிரி! மூணு வாரமும் முழுச் சம்பளம்னு சொல்லு. அது என்ன அங்க கர்ர்ருனு சத்தம்?"

"மணி ரிப்பேர் சார்."

மானேஜர் மூன்றாவது படிக்குத் திரும்பி வந்தார். ஏசி அறை, டிவி, மூன்று வேளை சாப்பாடு, மூன்று வாரம், முழுச் சம்பளம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லும்போதே தான் ஏதோ தப்பு செய்கிறோம் என்று அவர் உள்மனம் சொன்னது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"நான் அவர் நெத்தியைத் தொட்டுப் பாத்தேன் சார்" என்றாள் தலைமை நர்ஸ், உடனே.

"நான்தான் டிரிப்ஸ் போட்டேன்" என்றாள் சின்ன நர்ஸ். "ரெண்டு கையிலயும் நரம்பு தேடினேன். ரொம்ப நேரம் புடிச்சுக்கிட்டிருந்தேன்."

"விரிப்பு மாத்தினேன். அவரை அப்படியே கட்டிப் புடிச்சுத் தூக்கி இந்தப் பக்கம் வச்சேன்" என்றாள் ஆயா.

"வாசல்லேருந்து தோள்ல கை போட்டுக் கூட்டிட்டு வந்ததே நான்தான்" என்றார் வாட்ச்மேன். இப்போது அவருடைய இரண்டு கைகளும் மேலே இருந்தன.

சமையல்காரர் அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். யாரோ அங்கே போய்ச் செய்தி சொல்லியிருக்க வேண்டும். "ரொட்டியைப் பால்ல நனைச்சு ஊட்டி விட்டேன் சார்."

மானேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன்பது வருஷமா இங்க சமைக்கறீங்க. இதுவரைக்கும் ஒரு பேஷண்டு மூஞ்சியைப் பாத்திருக்கீங்களா?"

"இவரைப் பாத்ததும் எங்க சித்தப்பா ஞாபகம் வந்துடுச்சு சார். மனசு கேக்கல."

எலக்ட்ரீஷியன் கருவிப் பையோடு வந்து நின்றான். "நான் மணி ரிப்பேர் பண்ணப் போனேன் சார். எட்டல. அவர் தோள்ல கைய ஊணித்தான் ஏறினேன்."

"மணி இன்னும் அடிக்குதேடா!"

"ரிப்பேர் பண்ணப் போனேன்னுதானே சொன்னேன். சரியாச்சுன்னு நான் சொன்னேனா?"

பணம் வாங்கும் கூண்டிலிருந்து காசாளர் வந்தார். நோயாளி தும்மியபோது எதிரே நின்றதாகச் சொன்னார். முந்தின நாள் முதல் விடுப்பில் இருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசினார். கனவில் தொட்டதாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் சொன்னார்.

மானேஜருக்கு இப்போது மறுபக்கத்துச் சந்தேகம் வந்தது. இத்தனை பேர் தொட்டிருந்தால் அந்த மனிதருக்கு உடம்பில் தோலே மிஞ்சியிருக்காது. ஒரு யோசனை தோன்றியது. தன் புத்தியை அவரே மெச்சிக்கொண்டார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "ஆள் எப்படி இருப்பார், சொல்லுங்க" என்றார்.

"எங்க சித்தப்பா மாதிரி நல்லா பூசினாப்ல இருப்பார்" என்றார் சமையல்காரர்.

"பாவம், எலும்பும் தோலுமா இருந்தார் சார். தூக்கினா தக்கை மாதிரி வந்துட்டார்" என்றாள் ஆயா.

"சுருட்டை முடி" என்றாள் சின்ன நர்ஸ்.

"மொட்டை" என்றான் எலக்ட்ரீஷியன். "கால் வழுக்கிடுமோன்னு பயந்தேன்."

"தோள்ல கைய ஊணினேன்னு சொன்ன?"

"தோள்லேருந்து ஒரு படி மேல போனேன் சார்."

வெற்றிக் களிப்போடு மானேஜர் பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். "எல்லாம் புளுகு சார். ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு ஒத்து வரல."

"பத்துப் பேர்ல ஒன்பது பேர் புளுகறாங்கன்னே வச்சுக்க. அந்த டிரிப்ஸை ஒருத்தர் போட்டுத்தானே இருக்கணும்? அந்த ஒருத்தர் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரியாம நீ அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிச்சு, நாளைக்கு அவர் குடும்பமே படுத்துட்டா? பேசாம எல்லாரையும் உள்ள வை. அவங்களோட ஒட்டி நின்னவங்க இருந்தா அவங்களையும் சேர்த்து வை."

ஒட்டி நின்றவர்கள் என்று பார்த்தால், காலையிலிருந்து தாழ்வாரத்தில் அத்தனை பேரையும் தோளோடு தோளாக நிற்க வைத்தது மானேஜர்தான். மருந்துக்கடைப் பெண்ணும் துணி துவைப்பவரும் எதற்குக் கூட்டம் என்று கேட்க வந்து நின்றவர்கள். அவர்களும் மலர்ந்த முகத்தோடு புதுக் கட்டடத்துக்குள் போனார்கள்.

அரை மணி நேரத்தில் அங்கிருந்து தொலைபேசி வந்தது. தலைமை நர்ஸ்.

"சார், நான் பேஷண்டோட நெத்தியைத் தொட்டவ. துணி துவைக்கறவர் சும்மா என் பக்கத்துல நின்னவர். அவருக்கு ஜன்னல் வச்ச ரூமு, எனக்கு லிஃப்டு பக்கத்து ரூமா? இது என்ன நியாயம்?"

"சிஸ்டர், அது இருக்கட்டும். அந்தப் பேஷண்டை இப்ப யார் பாத்துக்கறாங்க? தொட்டவங்கதானே போகணும்?"

"அதெல்லாம் முறை போட்டாச்சு சார். நான் சின்னப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்."

"சின்னப் பொண்ணு?"

"ஆயாகிட்ட சொல்லிட்டாளாம். நீங்க கவலையே படாதீங்க. எங்க டிவிக்கு இன்னொரு ரிமோட் மட்டும் அனுப்பி வைங்க."

மானேஜர் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினார். சின்ன டாக்டர் நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்த ஒரே டாக்டர். கண்கள் தூக்கத்தில் செருகிக்கொண்டிருந்தன.

"சார், ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் கண்ணாடியில பேசறதுக்கு ஒரு ஓட்டை இருக்கு."

"இருக்கு. அதுக்கென்ன?"

"அது வழியா அவர் மூச்சு என் மேல பட்டிருக்கலாம்."

"டாக்டர், உங்க காலைப் புடிக்கறேன்..."

"புடிக்காதீங்க சார். தொட்டா உங்களுக்கும் மூணு வாரம்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் தலையணையைப் பற்றிய ஏக்கத்தோடு புதுக் கட்டடத்தை நோக்கி நடந்தார்.

மானேஜர் அவசரமாக இரண்டடி பின்வாங்கிக்கொண்டார்.

இப்போது வார்டில் இருந்தவர்கள் நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களும் மானேஜரும்தான். பக்கத்துத் தெரு மருத்துவமனை ஒன்றிடம் கெஞ்சி ஒரு டாக்டரையும் இரண்டு நர்சுகளையும் கடன் கேட்டார். டாக்டர் வந்ததும் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, யாருக்கும் உடனடி ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் மறுபடி வருவதாகக் கிளம்பினார். நர்சுகள் இருவரும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சார், அந்தக் கடைசி ரூம் எந்தப் பக்கம்?" என்றாள் ஒருத்தி.

"அங்க போக வேண்டாம்மா. உங்க வேலை இந்த வார்டுல."

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் சார்."

அவர் ஒரு நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் இருவரும் கடைசி அறையின் கதவுப் பிடியைத் தொட்டுவிட்டு வந்து, கையை நீட்டிக் காட்டியபடி நின்றார்கள். புதுக் கட்டடத்தில் ஜன்னல் அறைகள் தீர்ந்துவிட்டன என்று சொல்லியும் அவர்கள் மனம் தளரவில்லை.

அதன்பிறகு மானேஜர் வண்டி தள்ளினார். தொலைபேசி எடுத்தார். கழிப்பறைக்கு வழி சொன்னார். ஒரு நோயாளியின் மச்சானை வாசலில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார். பொறுப்பு வந்ததும் அந்த மச்சான் யாரையும் உள்ளே விடவில்லை, தன் அக்காவைக்கூட. அடுக்களையில் மூன்று குடும்பத்துப் பெண்கள் சேர்ந்து டீ போட்டார்கள். சர்க்கரை எவ்வளவு என்பதில் சண்டை வந்து, பஞ்சாயத்துக்கு மானேஜரைக் கூப்பிட்டார்கள்.

இதற்கிடையில் மனைவியிடமிருந்து தொலைபேசி.

"என்னங்க, வந்துட்டாங்க. பாப்பாவுக்கு அப்படியே உங்க மூக்கு. அழுதுகிட்டே இருக்கா. உங்களைத் தேடறா போல."

"என்னை அவ பாத்ததே இல்லையே."

"அதான் தேடறா. எப்ப வருவீங்க?"

"சாயங்காலம் வண்டி வந்ததும் கிளம்பிடுவேன்."

"அங்க ஏதோ காய்ச்சல்காரர் வந்திருக்காராமே? டீவியில ஓடுது. நீங்க கிட்டப் போகல இல்ல?"

"நானா? அந்தப் பக்கமே திரும்பல."

"போயிட்டு வந்து நின்னீங்கன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன், ஆமா. பச்சக் குழந்தை இருக்கற வீடு."

"போகலடி. சத்தியமா."

மணி கர்ர்ர் என்றது. இப்போதெல்லாம் இடைவெளியே விடாமல் அடித்தது. எட்டாம் நம்பர் கட்டிலில் இருந்த இதய நோயாளி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, நீங்க அந்த மணியை நிறுத்தறீங்களா, இல்ல நான் என் இதயத்தை நிறுத்திக்கட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க."

மானேஜர் புதுக் கட்டடத்துக்குத் தொலைபேசி செய்து எலக்ட்ரீஷியனைக் கேட்டார். "கதவுக்கு வெளியில, மேல, கறுப்பு வயர் சார். அதைப் புடுங்கிடுங்க, போதும்" என்றான் அவன். பின்னணியில் டிவி அலறியது. எல்லோரும் ஏதோ விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவுக்கு வெளியே என்றால் தொட்டதாகாது என்று மானேஜர் தனக்குத் தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டார். ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினார். கறுப்பு வயருக்காகக் கையை நீட்டியபோது, கண்ணாடிச் சதுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் தெரிந்தது.

குண்டும் இல்லை, எலும்பும் தோலும் இல்லை. மொட்டையும் இல்லை, சுருட்டையும் இல்லை. ஏறத்தாழ மானேஜரின் வயது. சட்டையின் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். டிரிப்ஸின் குழாய் கட்டிலுக்குப் பின்னால் சும்மா தொங்கியது. காய்ச்சல் வேகத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டார் போலும் என்று மானேஜர் நினைத்துக்கொண்டார். அந்த மனிதர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கதவைத் தானே இழுத்துத் திறந்தார். ஓரடி எடுத்து வைத்தார். அடுத்த அடிக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் மானேஜர் கட்டாயம் யோசித்திருப்பார். கிடைக்கவில்லை. முக்காலியிலிருந்து குதித்து, தலை தரையில் மோதுவதற்கு முன் இரண்டு கைகளாலும் அவரைத் தாங்கிப் பிடித்துவிட்டார். உடம்பு அடுப்பில் வைத்த சட்டி போலக் கொதித்தது. மெல்லத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, தன் தண்ணீர்ப் புட்டியை அவர் வாயருகே பிடித்தார். அவர் முழுவதையும் குடித்தார். முகக்கவசம் இரண்டும் மானேஜரின் தாடைக்குக் கீழே வந்து தொங்கிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

புட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டார். கையில் மருந்து ஊற்றிக் கழுவினார், மறுபடி கழுவினார். முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டார். தாழ்வாரத்தைத் தாண்டி ஓடி, மாடிப்படியின் மூன்றாவது படியில் ஏறி நின்றபோது, வெள்ளை உடுப்பில் தலை முதல் கால் வரை மூடிய நாலு பேர் மச்சானிடம் வாக்குவாதம் செய்து ஜெயித்து உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

முன்னால் வந்த அதிகாரி, "தொட்டவங்களை எல்லாம் பிரிச்சு வச்சிருக்கீங்களா?" என்றாள்.

"வச்சிருக்கேன் மேடம். எதிர்க் கட்டடத்துல. மொத்த ஆஸ்பத்திரியும் அங்கதான் இருக்கு."

ஜன்னல்களில் தலைகள் முளைத்திருந்தன. சமையல்காரர் கையசைத்தார். தலைமை நர்ஸ் எப்படியோ ஒரு ஜன்னல் அறையைப் பிடித்துவிட்டிருந்தாள்.

"இத்தனை பேரா?" அதிகாரி மலைத்துப் போனாள். "நீங்க?"

"நான் நிர்வாகம் மேடம்."

"தொட்டீங்களா, இல்லையா?"

சட்டைப்பையில் கைபேசி துடித்தது. எடுக்காமலே யார் என்று அவருக்குத் தெரிந்தது. பேத்தியின் அந்த மூக்கும் நினைவுக்கு வந்தது. மானேஜரின் இரண்டு கைகளும் தாமாகவே பின்னால் போய் ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டன.

"நானா? அந்தப் பக்கமே போகல."

நோயாளியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் குடித்ததில் அவர் முகம் சற்றுத் தெளிந்திருந்தது. அதிகாரி குனிந்து, சத்தமாகக் கேட்டாள்.

"ஐயா, நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. காலையிலேருந்து உங்களைத் தொட்டவங்க யார் யாரு? அதோ ஜன்னல்ல நிக்கறாங்களே, அவங்கள்ல யாரெல்லாம்?"

அவர் ஒவ்வொரு ஜன்னலாகப் பொறுமையாகப் பார்த்தார். கடைசி ஜன்னல் வரை போனார். இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு திரும்பி, மாடிப்படியைப் பார்த்து மெல்லக் கையைத் தூக்கினார்.

"அவங்கள்ல ஒருத்தர்கூட ரூமுக்குள்ள வரலீங்க. அந்த டிரிப்ஸ் பாட்டில்கூட நான் வர்றதுக்கு முன்னாலேருந்தே அங்க தொங்குது. விடியக்காலையிலேருந்து மணியை அடிச்சு அடிச்சு விரலே தேஞ்சுபோச்சு. இந்த ஆஸ்பத்திரியில என்னைத் தொட்ட ஒரே மனுஷன், அதோ மூணாவது படியில கையைப் பின்னால கட்டிட்டு நிக்கறாரே, அவர்தான்."